பொண்ணோட டிஎன்ஏ டெஸ்ட்ல "ஓட்டம் வராது"ன்னு வந்திருக்கு, நம்பலாமா?

காவேரிக்கரை அப்பா:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்க படிக்கறதோட சரி, எழுதுறது இதான் முதல் தடவை. திருச்சி பக்கம், துவாக்குடில ஒரு ஃபேப்ரிகேஷன் பட்டறைல வெல்டரா இருக்கேன். பொண்ணுக்கு 12 வயசு, நவம்பர்ல பொறந்தவ, இப்ப எட்டாவது. அஞ்சாவதுலருந்து ஓடிட்டு இருக்கா. போன வருஷம் ஜோனல்ல 400, 600 ரெண்டுலயும் ஃபர்ஸ்ட், மாவட்டத்துல 600ல செகண்ட். மெடல சுவத்துல ஆணி அடிச்சு மாட்டிருக்கோம், எங்கம்மா பால்காரர்லருந்து கேஸ் போட வர்ற தம்பி வரைக்கும் எல்லார்கிட்டயும் காட்டிரும்.

இந்த வருஷம் என்னமோ டைம் அப்படியே நின்னு போச்சு. போன வருஷம் 600 மீட்டர் 1:54 ஓடினா, இப்ப 1:56, 1:57ன்னு வருது, அவளுக்குப் பின்னாடி ஓடிட்டு இருந்த ரெண்டு பிள்ளைங்க இப்ப முன்னாடி போகுது. சரின்னு மாசம் 3,000 கட்டி ஒரு தனியார் அகாடமில சேத்து விட்டேன். அவங்க ஒரு டிஎன்ஏ டெஸ்ட் எடுக்கச் சொன்னாங்க, எச்சில குழாய்ல துப்பி கூரியர்ல அனுப்புறது, 14,000 ரூபா, சீட்டு எடுத்த காசுலருந்து குடுத்தேன். ரிப்போர்ட் 22 பக்கம், கலர் கலரா இருக்கு. அதுல ஏசிடிஎன்3 எக்ஸ்எக்ஸ்னு போட்டு "வேகத் திறன் குறைவு", ஏசிஇ டிடின்னு போட்டு "தாங்குதிறன் குறைவு", ரெண்டும் சிவப்புக் கலர்ல. கோச்சு கூப்ட்டு உக்கார வச்சு, "சார் இது பிறவிலயே இல்ல, காசு வீணாக்காதீங்க, யோகா மாதிரி ஏதாவது சேத்து விடுங்க"ன்னுட்டாரு. பொண்ணு பக்கத்துலதான் நின்னுட்டு இருந்தா. வண்டில வரும்போது ஒரு வார்த்தை பேசல.

எங்க பரம்பரைல யாரும் ஸ்போர்ட்ஸ் பக்கம் போனதில்ல, நான் 5 அடி 4, வீட்ல இன்னும் குள்ளம். நிஜமாவே எல்லாம் ஜீன்தானா? உழைச்சா வராதா? நிறுத்திடலாம்னு வீட்ல சொல்றாங்க. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பாண்டி_பேசுறேன்:

கசப்பா இருந்தாலும் உண்மை அதான் பாஸ். போல்ட் 195 செமீ உயரம், 100 மீட்டர 41 காலடில முடிச்சிட்டாரு. நீச்சல்காரர் ஃபெல்ப்ஸ் ஆள் 193 செமீ, கைய விரிச்சா 201. இதெல்லாம் கஞ்சி குடிச்சு, காலைல நாலு மணிக்கு எந்திரிச்சா வருமா? ஆத்தா வயித்துலயே முடிஞ்சு போற மேட்டரு. பொண்ண படிக்க வைங்க, அதுல கண்டிப்பா ரிட்டர்ன் இருக்கு.

விடாமுயற்சி_87:

பாண்டி சொல்றத கேக்காதீங்க சார். பத்தாயிரம் மணி நேரம் யார் எதைப் பழகினாலும் உலகத் தரத்துக்கு வந்துடலாம்னு ஆராய்ச்சிலயே நிரூபிச்சிருக்காங்க. ஜீன்னு சொல்றவன் எல்லாம் சோம்பேறி. காலைல ரெண்டு மணி நேரம் சாயந்திரம் ரெண்டு மணி நேரம் ஓட விடுங்க, ஞாயித்துக்கிழமையும் லீவு விடாதீங்க, ஆறே மாசத்துல அந்த ரிப்போர்ட்ட கிழிச்சு அந்த கோச்சு மூஞ்சில எறியலாம்.

ரிட்டயர்டு பிடி சார்:

ஞாயித்துக்கிழமையும் ஓட விடச் சொல்றவர் வந்து அந்தப் பிள்ளையோட குதிகால ஒரு தடவை அமுக்கிப் பாக்கட்டும் மொதல்ல.

தம்பி, நான் 31 வருஷம் கவர்மெண்ட் ஸ்கூல்ல பிடி வாத்தியார். ரிப்போர்ட்ட ஓரமா வைங்க, எனக்கு நாலு விஷயம் மட்டும் சொல்லுங்க. ஒண்ணு, போன ஒரு வருஷத்துல பிள்ளை எத்தனை செமீ வளந்திருக்கா. ரெண்டு, தப்பா எடுத்துக்காதீங்க, வயசுக்கு வந்துட்டாளா, வந்தா எப்ப. மூணாவது கால்ல எங்கயாவது வலி இருக்கா, முக்கியமா குதிகால் இல்லன்னா முட்டிக்குக் கீழ. நாலாவது ரத்தத்துல ஹீமோகுளோபின் எவ்ளோ, கடைசியா எப்ப பாத்தீங்க. இது எல்லாத்துக்கும் சேத்து செலவு ஒரு 200 ரூபாகூட ஆகாது, உங்க 14,000 ரூபா ரிப்போர்ட்டு சொல்லாதத இது சொல்லும். பதில் போடுங்க, பொறவு பேசலாம்.

பிப்பெட் பிடிச்ச கை:

நான் மரபணு லேப்லதான் வேலை பாக்குறேன் (விளையாட்டு சம்பந்தப்பட்ட லேப் இல்ல, ஆனா இந்த ரெண்டு ஜீனும் எங்களுக்கு பாடப்புத்தக உதாரணம்). அந்த ரிப்போர்ட்ட பாத்து சிரிப்பும் வருது கோவமும் வருது.

ஏசிடிஎன்3ன்னு ஒரு ஜீன். டக்குனு வெடிச்சு ஓட வைக்கிற வேகத் தசை நார்ல இருக்குற ஒரு புரதத்த அது உண்டாக்கும். எக்ஸ்எக்ஸ்னா அந்தப் புரதம் சுத்தமா உருவாகாது. பயப்படாதீங்க, அது நோய் இல்ல, உலகத்துல கிட்டத்தட்ட அஞ்சு பேருக்கு ஒருத்தர் அப்படித்தான். 2003ல ஆஸ்திரேலியால பாத்தாங்க, பெரிய லெவல் ஸ்பிரிண்டர்கள்ல எக்ஸ்எக்ஸ் ரொம்ப அபூர்வம், அதனால பத்திரிகைக்காரங்க "வேக ஜீன்"னு பேர் வச்சாங்க, கம்பெனிகள் கடையைத் தொறந்தாங்க. ஆனா பின்னாடியே ஸ்பெயின்ல ஒலிம்பிக் போன ஒரு நீளம் தாண்டுதல் வீரர் எக்ஸ்எக்ஸ்னு தெரிய வந்துச்சு, எட்டு மீட்டருக்கு மேல தாண்டுறவரு! ஓட்டத்துல ஆளுக்கு ஆள் இருக்குற வித்தியாசத்துல இந்த ஒரு ஜீனோட பங்கு ரெண்டு மூணு சதவீதம் இருந்தாலே பெருசு.

இப்ப காமெடி என்னன்னா, இவங்க கணக்குப்படியே பாத்தா எக்ஸ்எக்ஸ் இருந்தா "வேகம் கம்மி, தாங்குதிறன் பரவாயில்ல"ன்னு வரணும், ஏசிஇன்னு இன்னொரு ஜீன், அதுல டிடி இருந்தா "தாங்குதிறன் கம்மி, பவர் பரவாயில்ல"ன்னு வரணும். ஒண்ண ஒண்ணு அடிச்சுக்குது. அவங்க ரெண்டுலயும் கெட்ட பாதிய மட்டும் பொறுக்கி சிவப்பு அடிச்சு குடுத்திருக்காங்க. பக்கத்துல "இந்தக் குறைக்கு எங்க ஸ்பெஷல் பேக்கேஜ்"னு ஒரு விளம்பரம் இருந்துதா? இருந்திருக்குமே.

2015ல இந்தத் துறை ஆராய்ச்சியாளர்கள் சேந்து பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் ஸ்போர்ட்ஸ் மெடிசின்ல ஒரு கூட்டறிக்கை போட்டாங்க. திறமை கண்டுபிடிக்கவோ பயிற்சிய மாத்தவோ குழந்தைகளுக்கு இந்த மாதிரி நேரடியா விக்கிற டெஸ்ட் எடுக்கவே கூடாதுன்னு அதுல பச்சையாவே எழுதிருக்கு. அந்த கோச்சு கையில அத குடுங்க.

அதுக்காக ஜீன் சும்மான்னு நான் சொல்லல, விடாமுயற்சி அண்ணன் சந்தோஷப்பட வேணாம். அந்த பத்தாயிரம் மணி கதை 1993ல பெர்லின்ல வயலின் படிச்ச மாணவர்கள வச்சு பண்ண ஆராய்ச்சிலருந்து வந்தது, ஓட்டக்காரங்கள வச்சு இல்ல, அதுவும் சராசரிக் கணக்கு. 2014ல இந்த மாதிரி ஆராய்ச்சி எல்லாத்தையும் ஒண்ணா சேத்துப் பாத்ததுல, விளையாட்டுல ஆளுக்கு ஆள் இருக்குற வித்தியாசத்துல 18 சதவீதத்தத்தான் பயிற்சி நேரத்த வச்சு விளக்க முடிஞ்சுது.

இன்னும் ஒண்ணு இருக்கு, எனக்கு ரொம்பப் பிடிச்சது. அமெரிக்கா, கனடா பக்கம் ஹெரிட்டேஜ்னு ஒரு ஆய்வு, 1999ல முடிவு வந்தது. உக்காந்தே கெடந்த 481 பேர், எல்லாம் குடும்பம் குடும்பமா, அப்பா அம்மா பிள்ளைங்கன்னு. எல்லாருக்கும் 20 வாரம் ஒரே மாதிரி சைக்கிள் பயிற்சி. முடிச்சுட்டு உடம்பு எவ்ளோ ஆக்சிஜன் இழுக்குதுன்னு அளந்தா சிலருக்கு நிமிஷத்துக்கு ஒரு லிட்டர் கூடியிருக்கு, சிலருக்கு ஒண்ணுமே கூடல! அதே சைக்கிள், அதே வாரம். கூடுனது குடும்பத்துக்குக் குடும்பம் ஒத்துப் போச்சு, பாதிக்குப் பக்கமா பரம்பரைன்னு கணக்கு போட்டாங்க. ஆக உழைப்புக்கு உடம்பு எப்படி பதில் சொல்லும்கிறதே ஜீன்ல இருக்கு. அப்ப "ஜீனா உழைப்பா"ன்னு ரெண்டையும் தராசுல எதிரெதிர் தட்டுல வைக்க முடியாது. அது நூத்துக்கணக்கான ஜீன் சேந்து பண்ற வேலை, எச்சில் குழாய்ல ரெண்ட மட்டும் பாத்து சொல்ற விஷயம் இல்ல. பயிற்சி குடுத்துப் பாத்தாத்தான் தெரியும். உங்க பொண்ணுக்கு மூணு வருஷமா குடுத்திருக்கீங்க, மாவட்டத்துல செகண்ட் வந்திருக்கா. அந்த டெஸ்ட் ரிசல்ட் ஏற்கனவே உங்க வீட்டு ஆணில தொங்குது சார்.

பாண்டி_பேசுறேன்:

பெரிய லெக்சர். உயரம் தாண்டுதல்ல டொனால்ட் தாமஸ் கதை தெரியுமா? 2006ல சும்மா பந்தயத்துக்குத் தாண்ட ஆரம்பிச்சவன், 2007ல ஒசாகால உலக சாம்பியன். சின்ன வயசுலருந்து அதே வேலையா தாண்டிட்டிருந்த ஸ்வீடன்காரர் ஸ்டெஃபான் ஹோல்ம், ஒலிம்பிக் தங்கம் வாங்குனவர், அதே போட்டில நாலாவது. இதுக்கு என்ன சொல்றீங்க?

பிப்பெட் பிடிச்ச கை:

தெரியுமே, நல்ல உதாரணம்தான். தாமஸ் 2.35 தாண்டி ஜெயிச்சாரு, ஹோல்ம் 2.33. இப்ப மீதிக் கதையையும் சொல்லுங்க. தாமஸ் அதுக்கப்புறம் முறையா கோச் வச்சு வருஷக்கணக்கா பழகி, 2016ல 2.37 தாண்டினாரு. ஒம்பது வருஷத்துல ரெண்டு செமீ. ஹோல்ம் வெறும் 181 செமீ உயரம் இருந்துக்கிட்டு 2005ல 2.40 தாண்டினவரு. ஒருத்தர் மேல்மாடில பொறந்து அங்கயே நின்னாரு, இன்னொருத்தர் படி ஏறி வந்து சேந்தாரு, ஒரு நாள் சாயந்திரம் ரெண்டு பேரும் ஒரே மாடில சந்திச்சுக்கிட்டாங்க. 12 வயசுப் பிள்ளைய பாத்து இவ எந்த ரகம்னு யாருக்குத் தெரியும்? உங்களுக்கும் தெரியாது எனக்கும் தெரியாது.

காவேரிக்கரை அப்பா:

இவ்ளோ பேர் எழுதுவீங்கன்னு நெனக்கல. பிடி சார் கேட்டதுக்கு பதில்:

போன ஜூன்ல ஸ்கூல் கார்டுல 146, இப்ப 154. எட்டு செமீ. தை மாசம் வயசுக்கு வந்தா, சடங்கு முடிஞ்சு ஒரு மாசம் கிரவுண்டுக்கே அனுப்பல, எங்கம்மா இன்னும் டிராயர் போட்டு ஓடக் கூடாதுங்குது. குதிகால் வலி இருக்குன்னு நாலஞ்சு மாசமா சொல்லிட்டுத்தான் இருக்கா, அகாடமில "சோம்பேறித்தனம்"னு சொல்லி இன்னும் ரெண்டு ரவுண்டு ஓட விட்டாங்க. நேத்து நீங்க சொன்னதுக்கப்புறம் ஆரம்ப சுகாதார நிலையத்துல ரத்தம் பாத்தோம். ஹீமோகுளோபின் 9.4. டாக்டரம்மா எங்கள ஒரு பார்வ பாத்தாங்க.

ஸ்கூல்ல வாரா வாரம் குடுக்குற நீலக்கலர் மாத்திரை என்னாச்சுன்னு கேட்டா, வயித்தப் பொரட்டுதுன்னு ஜன்னல் வழியா போட்டுருவாளாம். அவ மட்டும் இல்ல, அவங்க பெஞ்சு மொத்தமும்.

ரிட்டயர்டு பிடி சார்:

அப்படிப் போடுங்க. 9.4 வச்சுக்கிட்டு 1:57 ஓடுறாளா! தம்பி, அந்தப் பிள்ளைய ஒரு தடவை நான் பாக்கணும்.

இந்த வயசுப் பெண் பிள்ளைக்கு ஹீமோகுளோபின் 12க்குக் கீழ போனாலே ரத்தசோகை. நுரையீரல்லருந்து கால் தசைக்கு ஆக்சிஜன தூக்கிட்டுப் போறது அந்த ஹீமோகுளோபின்தான். 100 மீட்டர்ல பெருசா தெரியாது, 600ல கடைசி 200 மீட்டர்ல அப்படியே கால்ல மண்ணு மூட்டை கட்டுன மாதிரி இழுக்கும். கடைசில விட்டுர்றான்னு கோச்சு சொல்லிருப்பாரே? அது ஜீனும் இல்ல சோம்பேறித்தனமும் இல்ல, இரும்புச்சத்து. இது உங்க வீட்ல மட்டும் இருக்குற கதை இல்ல, 2019-21ல எடுத்த தேசிய குடும்பநல ஆய்வுல நம்ம நாட்டுல 15லருந்து 49 வயசு வரைக்கும் உள்ள பொம்பளைங்கள்ல 57 சதவீதத்துக்கு ரத்தசோகை. பாதிக்கு மேல! இந்த நாட்டுல "ஓட்டம் வராத" பிள்ளைங்கள்ல எத்தனை பேருக்கு உண்மைல ரத்தம் மட்டும்தான் இல்லாம இருந்துச்சோ, என்கிட்ட வந்த பிள்ளைங்கள நெனச்சாலே எனக்கு ராத்திரி தூக்கம் வர்றதில்ல, ஏன்னா எனக்கும் ஆரம்பத்துல பத்துப் பதினஞ்சு வருஷம் இது தெரியாது, நானும் திட்டிருக்கேன்.

டாக்டர் குடுக்குற மாத்திரைய சாப்ட்ட பிறகு போடச் சொல்லுங்க, வயித்தப் பொரட்டுறது குறையும். சாப்ட்ட கையோட டீ குடிக்கக் கூடாது, எலுமிச்சையோ நெல்லிக்காயோ கூட சேத்துக்கணும். பூச்சி மாத்திரை போட்டாச்சான்னு கேளுங்க. ரெண்டு மூணு மாசம் ஆகும், அவசரப்படாதீங்க.

அடுத்தது அந்த எட்டு செமீ. பெண் பிள்ளைங்களுக்கு சுமாரா 12 வயசு ஒட்டி, பையனுக்கு 14 ஒட்டி உயரம் சடார்னு ஏறும். எலும்பு முதல்ல நீளும், தசையும் நரம்பும் பின்னாடிதான் வந்து சேரும். அந்த நேரத்துல ஓட்டம் கோணலாப் போகும், கை கால் யாரோ ஒருத்தரோடது மாதிரி இருக்கும் அவங்களுக்கே. குதிகால் எலும்புல வளர்ற இடம் இன்னும் மூடிருக்காது, கெண்டைக்கால் தசை அத புடிச்சு இழுக்கும், அதான் வலி. வளர்ச்சி முடிஞ்சா போயிடும், அதுவரைக்கும் ரவுண்டு குறைக்கணும், கூட்டக் கூடாது. இன்னும் ஒண்ணு வெளிப்படையா சொல்றேன், வயசுக்கு வந்த பிறகு பெண் உடம்புல கொழுப்பு கொஞ்சம் கூடும், இடுப்பு அகலும், ஒரு வருஷம் ரெண்டு வருஷம் டைம் அப்படியே நிக்கும், சில பேருக்குப் பின்னாடிகூட போகும். பையன்களுக்கு அதே வயசுல தசை ஏறி தானா வேகம் கூடும், அத பாத்துட்டு பொண்ணு மக்கராயிட்டான்னு நெனக்கிறோம். எத்தனை நல்ல பிள்ளைங்கள இந்த ரெண்டு வருஷத்துல தொலைச்சிருக்கோம், கணக்கே இல்ல.

இப்ப அவள தாண்டிப் போன அந்த ரெண்டு பிள்ளைங்க எப்ப வளந்தாங்கன்னு பாருங்க. உங்க பொண்ணு நவம்பர், அதே பிரிவுல ஜனவரில பொறந்த பிள்ளை பத்து மாசம் மூத்தது, 12 வயசுல பத்து மாசம்கிறது சாதாரணம் இல்ல. கனடால ஐஸ் ஹாக்கி டீம்கள்ல வருஷத்தோட முதல் மூணு மாசத்துல பொறந்த பசங்களே குவிஞ்சு கெடந்தத 1985லயே கண்டுபிடிச்சு எழுதிட்டாங்க. நம்ம ஊர்ல கூடுதலா பர்த் சர்டிபிகேட்ல கை வைக்கிற கலையும் இருக்கு, கிரிக்கெட் போர்டு மணிக்கட்ட எக்ஸ்ரே எடுத்து எலும்பு வயசு பாக்குற அளவுக்கு வந்துருச்சுன்னா பாத்துக்கோங்க. நான் பாத்த வரைக்கும் 12 வயசு மாவட்ட சாம்பியன்ல பாதிப் பேர் சீக்கிரமா வளந்த பிள்ளைங்க, அவ்ளோதான், 17 வயசுல மத்தவங்க வளந்து வந்ததும் காணாமப் போயிடுவாங்க.

விடாமுயற்சி_87:

பிடி சார், குதிகால் விஷயம் எனக்குத் தெரியல. ஞாயித்துக்கிழமை பத்தி சொன்னத வாபஸ் வாங்கிக்கிறேன்.

விடுதிப்பொண்ணு:

நான் கவர்மெண்ட் விளையாட்டு விடுதில ஆறு வருஷம் இருந்தவ, ஸ்டேட் வரைக்கும் போனேன், அதுக்கு மேல போகல, இப்ப ரயில்வேல வேலை. அண்ணா ஒண்ணு சொல்லட்டா, நீங்க 600 600ன்னே சொல்றீங்க. அவளுக்கு 600தான்னு யார் முடிவு பண்ணது? ஸ்கூல்ல அந்த வருஷம் 600க்கு ஆள் இல்லாம பேர் குடுத்திருப்பாங்க, அப்படித்தான் எல்லாருக்கும் நடக்கும். நான் 100 ஓட வந்தவ, 14 வயசுல தடை ஓட்டத்துக்கு மாத்தினாங்க, மாத்தின அன்னைக்கு அழுதேன், அப்புறம் அதுலதான் ஸ்டேட் மெடல்.

கோயம்புத்தூர் வித்யா ராம்ராஜ், நித்யா ராம்ராஜ் பாருங்க. இரட்டைப் பிள்ளைங்க, ஒரே வீடு, ஒரே சாப்பாடு. வித்யா 400 மீட்டர் தடை ஓட்டம், 2023 ஹாங்சோ ஆசியப் போட்டில 55.42 ஓடி, 1984ல லாஸ் ஏஞ்சலஸ்ல பி.டி.உஷா ஓடுன டைம அப்படியே தொட்டாங்க, 39 வருஷம் யாரும் தொடாத டைம், வெண்கலமும் வாங்கினாங்க. நித்யா அதே ஹாங்சோவுக்கு 100 மீட்டர் தடை ஓட்டத்துல போனாங்க. ஒரு கருப்பைல வந்த ரெண்டு பேருக்கே ஈவெண்ட் வேற வேற. உங்க பொண்ணுக்கு எது வரும்னு இன்னும் ரெண்டு மூணு வருஷம் எல்லாத்தையும் போட்டுப் பாத்தாத்தான் தெரியும். குண்டு எறியட்டும், தாண்டட்டும், கோ-கோ ஆடட்டும்.

அப்புறம் பாண்டி அண்ணே, குடும்பத்துல யாருமே இல்லன்னா வராதுன்னு ஆகாது. மதுரை சக்கிமங்கலம் ரேவதி வீரமணி, சின்னதுலயே அப்பா அம்மா ரெண்டு பேரும் இல்லாம பாட்டி கூலி வேலை பாத்து வளத்த பிள்ளை, வெறுங்கால்ல ஓடுனவங்க. டோக்கியோ ஒலிம்பிக்ல 4x400 கலப்பு ரிலே ஓடுன நாலு பேர்ல ரேவதி ஒண்ணு, திருச்சி திருவெறும்பூர் சுபா வெங்கடேசன் ஒண்ணு, லால்குடி பக்கத்து ஆரோக்கிய ராஜீவ் ஒண்ணு. நாலுல மூணு! அதுல ரெண்டு இவரு ஊரு. காவேரித் தண்ணில 400 மீட்டர் ஜீன் கலந்திருக்கா என்ன?

பாண்டி_பேசுறேன்:

தண்ணி காமெடி நல்லாருக்கு. ஆனா ஜமைக்கா, கென்யா? அங்க எல்லாம் ரத்தத்துலயே இருக்குல்ல.

பிப்பெட் பிடிச்ச கை:

பாண்டி நீங்க கேக்கக் கேக்க எனக்கு டைப் பண்ணி கை வலிக்குது. ஏசிடிஎன்3 எக்ஸ்எக்ஸ் ஜமைக்கால ரொம்பக் கம்மி, சரி. கென்யாலயும் அதே மாதிரி ரொம்பக் கம்மி, நூத்துல ஒருத்தர். அப்ப கென்யா முழுக்க 100 மீட்டர் சாம்பியனா இருக்கணுமே, ஓமன்யாலா மாதிரி ஒருத்தர விட்டா யாரு? அங்க எல்லாரும் தூர ஓட்டம். ஜமைக்கால ஸ்கூல் பிள்ளைங்க ஓட்டப் போட்டி 1910லருந்து நடக்குது, ஸ்டேடியம் நெறஞ்சு வழியும், நம்ம ஊர் ஐபிஎல் மாதிரி. திறமை உள்ள பிள்ளை வேற எங்கயும் போக வழியில்ல, அந்த வலைல விழுந்தே ஆகணும்.

"ரத்தத்துல இருக்கு"ன்னு நம்ம நாட்டுலயே ஒரு தடவை பண்ணிப் பாத்தாங்க. கர்நாடகா காட்டுப் பகுதில சித்தின்னு ஒரு சமூகம், நூத்தாண்டுகளுக்கு முன்னாடி ஆப்பிரிக்காலருந்து கொண்டு வரப்பட்டவங்களோட வம்சம். 1987ல சாய் (மத்திய அரசோட விளையாட்டு ஆணையம்) அவங்க பிள்ளைங்கள தேர்ந்தெடுத்து பயிற்சி குடுக்க ஆரம்பிச்சுது, ஆப்பிரிக்க உடம்பு, ஒலிம்பிக் மெடல் நிச்சயம்னு நெனப்பு. சில பேர் தேசிய அளவுல நல்லாவே ஓடினாங்க. 1993ல திட்டத்த மூடிட்டாங்க, பிள்ளைங்க ஊருக்குத் திரும்பி கூலி வேலைக்குப் போயிட்டாங்க. ஜீன் அங்கயேதான் இருந்துச்சு, விடுதியத்தான் காணோம்.

ஜீன் நிஜமா வேலை செஞ்ச கேஸ் வேணும்னா ஃபின்லாந்து பனிச்சறுக்கு வீரர் ஈரோ மான்டிராண்டா. ஒரே ஒரு ஜீன்ல மாற்றம், அதனால ஹீமோகுளோபின் 20க்கு மேல, ஊக்க மருந்துன்னு சந்தேகப்பட்டாங்க, ஒலிம்பிக்ல ஏழு மெடல். அவர் குடும்பத்துல நெறைய பேருக்கு அதே மாற்றம் இருந்துச்சு, எல்லாரும் சாம்பியன் ஆகல. அவருக்கு 20, நம்ம பிள்ளைக்கு 9.4. இந்த வித்தியாசத்துல மாத்திரையால எவ்ளோ சரி பண்ண முடியுமோ அத மொதல்ல பண்ணிட்டு அப்புறம் ஜீன் பத்திப் பேசுவோம்.

பனங்காய்ப் பணியாரம்:

நான் யாழ்ப்பாணத்தில இருந்து எழுதுறன். எங்கட பக்கம் தெல்லிப்பழை மகாஜனாக் கல்லூரியில கோலூன்றிப் பாயுற பிள்ளையள் கனபேர் வந்தவை, இலங்கைச் சாதனையை முறிச்ச அனித்தா ஜெகதீஸ்வரனும் அந்தப் பள்ளிக்கூடம்தான். பக்கத்துப் பள்ளிக்கூடங்களிலயும் அதே சாதி சனம், அதே புட்டுச் சாப்பாடு, அங்க அவ்வளவு பேர் வரேல்லை. கோல் இருக்கிற இடத்தில, விழ மெத்தை இருக்கிற இடத்தில, பிடிச்சுச் சொல்லிக் குடுக்க ஒரு ஆள் இருக்கிற இடத்தில பிள்ளையள் பாயுதுகள். அப்பா, நீங்கள் நல்ல வாத்தியார் ஆரெண்டு தேடுங்கோ. அந்தச் சிவப்புக் காகிதத்தைப் பிள்ளையின்ர கண்ணில படாமல் வையுங்கோ, அதுதான் முக்கியம்.

காவேரிக்கரை அப்பா:

ஒரு மாசம் கழிச்சு எழுதுறேன், மன்னிச்சுக்கோங்க, பட்டறைல ஆர்டர் அதிகம்.

அகாடமிய விட்டுட்டோம். ரிப்போர்ட்ட பீரோல துணிக்கு அடில போட்டுட்டேன், கிழிக்க மனசு வரல, 14,000 ஆச்சே. பிடி சார் தனி மெசேஜ்ல சொன்ன ஆள போய்ப் பாத்தோம், அண்ணா ஸ்டேடியத்துல சாயந்திரம் பிள்ளைங்களுக்கு சொல்லிக் குடுக்குறாரு. அவர் டைமே எடுக்கல. பொண்ண ஒரு தடவை நடக்கச் சொன்னாரு, ஒரு தடவை குதிக்கச் சொன்னாரு, "வாரத்துல மூணு நாள் வா, குதிகால் வலிச்சா அன்னைக்கு வராத, வீட்ல பாயில படுத்து கெண்டைக்கால் ஸ்ட்ரெட்ச் பண்ணு"ன்னாரு. சின்னதா தடை வச்சு தாண்ட விட்டாரு, அது அவளுக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு. மாத்திரை ஒழுங்கா போடுறா, நான் எதிர்ல உக்காந்து பாத்துட்டுத்தான் எந்திரிக்கிறேன். இந்த வாரம் 10.6. வண்டில வரும்போது வாய் ஓயல.

எங்கம்மாவ ஒரு நாள் ஸ்டேடியம் கூட்டிட்டுப் போனேன். டிராயர் பத்தி இப்ப பேசறதில்ல, அந்த கோச்சு என்ன ஜாதின்னு மட்டும் கேட்டுச்சு, அதுக்கு நான் பதில் சொல்லல.

ஒரே ஒரு கேள்வி. ஸ்பைக்ஸ் (அடில ஆணி வச்ச ஓட்ட ஷூ) கேக்குறா. கூட ஓடுற பிள்ளைங்க எல்லாம் வச்சிருக்காம். 2,500 ஆகும் போல. வாங்கலாமா?

ரிட்டயர்டு பிடி சார்:

இப்ப வேணாம். ஸ்பைக்ஸுக்கு குதிகால்ல உயரமே இருக்காது, அந்த வலிய இன்னும் இழுத்து விடும். குதிகால் கனமா மெத்துன்னு இருக்குற ஷூவா பாத்து ஒண்ணு வாங்குங்க, பெருவிரலுக்கு முன்னாடி ஒரு கட்டைவிரல் அகலம் இடம் விட்டு. கால் இன்னும் ஒரு சைஸ் போகும். மீதிக் காசுக்கு முட்டையும் முருங்கைக் கீரையும் வாங்குங்க. வலி போய் ரெண்டு மாசம் ஆன பிறகு ஸ்பைக்ஸ் பத்தி கேளுங்க, என்கிட்ட ஒரு பழைய ஜோடி இருக்கு, அஞ்சாம் நம்பர், சேந்தா குடுக்குறேன்.

விடுதிப்பொண்ணு:

சார் அது அஞ்சா ஆறா? எங்க விடுதித் தங்கச்சி ஒருத்திக்கும் தேடிட்டு இருக்கேன்.

ரிட்டயர்டு பிடி சார்:

அஞ்சு. ஒரு ஆணி இல்ல, போட்டுக்கலாம். ஆனா வெல்டர் தம்பி பொண்ணுக்கு சேருதான்னு பாத்துட்டுத்தான் உனக்கு.